யார் எடுத்த நிலா?

மார்கழி, தை இரவுகளில் மூடுபனி விலகினால் நீலகிரியின் சோலூர்ச் சரிவுகளுக்கு மேலே நிலா கண் கூசும் அளவுக்குத் தெளிந்துவிடும். கைப்பேசியை நீட்டினால் பள்ளங்கள்கூட விழுகின்றன. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே, விண்வெளி நிறுவனங்கள் காட்டுவதெல்லாம் கிராபிக்ஸ் என்கிறவர்கள் உண்டு. 2023 மார்ச்சில் ஒரு பயனர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டுச் சாம்சங் கைப்பேசியால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் இருந்தன. நிலா என்று தெரிந்தால் செயற்கை நுண்ணறிவு விவரங்களைக் கூட்டித் தரும் என்று நிறுவனமே பிறகு விளக்கியது. கிராபிக்ஸ் முதலில் நம் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

அதற்காகச் சந்தேகமே கூடாது என்பதல்ல. 2019 செப்டம்பர் 7 அதிகாலை, நிலாவில் இறங்கிக்கொண்டிருந்த சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டருடன் தொடர்பு அறுந்தது. ஆர்பிட்டர் அதைக் கண்டுவிட்டது என்றார் அப்போதைய இஸ்ரோ தலைவர் சிவன். படம் அப்போது வெளிவரவில்லை. ஊர் முணுமுணுத்ததில் நியாயம் இருந்தது. நாசாவோ தன் நிலா ஆர்பிட்டர் செப்டம்பர் 17-இல் எடுத்த படத்தைப் பொதுவில் போட்டது. சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அதைப் பழைய படங்களோடு அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளியைப் பிடித்தார். டிசம்பரில் நாசா அதை விக்ரமின் சிதறல் என்று உறுதிசெய்து, அவர் பெயரையும் சொன்னது. "நம்புங்கள்" என்ற அறிக்கையால் தீராதது, திறந்து வைத்த கோப்பால் தீர்ந்தது.

அவர் பார்த்ததும் நாசா படம்தானே என்று கேட்கலாம், நல்ல கேள்வி. ஆனால் பொய்ப்படம் மற்றவர் படத்தோடும் பொருந்தியாக வேண்டும். அப்போலோ 11 இறங்கிய இடத்தை நம் சந்திரயான்-2 ஆர்பிட்டரும் எடுத்திருக்கிறது. அப்போலோ லேண்டரின் அடிப்பகுதி அங்கேயே நிற்கிறது. அப்போலோ படங்களில் நட்சத்திரம் எங்கே என்பார்கள். இதற்கு எவரையும் நம்ப வேண்டாம், மேனுவலில் ஓடும் ஒரு கேமரா போதும். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, நொடியில் நூறில் ஒரு பங்கு என்று வைத்து நிலாவை எடுங்கள்: வெயிலில் கிடக்கும் பாறை சரியாக விழும், சுற்றிலும் வானம் வெறும் கறுப்பு. சரி, அப்போலோ வீரர்கள் நட்ட கொடியைத் தொலைநோக்கியில் காட்டு என்றால், 3,84,000 கிலோமீட்டர் தள்ளி எட்டு அங்குலத் தொலைநோக்கி பிரித்துக் காட்டுவது சுமார் ஒரு கிலோமீட்டர் அகலத்தைத்தான்; ஹபிளுக்கே ஏறத்தாழ நூறு மீட்டர். ஊட்டி அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொலைநோக்கி நிற்கிறதே, அதில்? அது ரேடியோ அலை வாங்குவது. தொலைவிலுள்ள ரேடியோ மூலங்களை நிலா எந்த நொடியில் மறைக்கிறது, எந்த நொடியில் விடுகிறது என்று பார்த்தே அவற்றின் இடத்தையும் அளவையும் 1970 முதல் அங்கே கணக்கிட்டார்கள், நிலாவை ஒரு படம்கூட எடுக்காமல்.