இன்னிசையும் இருப்புப்பாதையும்

இசை துயர் தீர்க்கும் மருந்து என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருவதொன்றாகும். அவ்வெண்ணத்தின் புதிய வடிவமொன்று இன்று பெருநகரங்களில் விலைபோகின்றது. புகையிரதத்தில் நெரிபடுபவன் செவியில் மெல்லிசையைப் பொருத்திக் கண்களை மூடிக்கொண்டால் போதும், நெரிசல் மறைந்துவிடும் என்பர். மறைவது நெரிசலா, அன்றி நெரிசலைப் பற்றிய சிந்தனையா என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.

இதனை ஆராயத் தகுந்த களம் டோக்கியோ மாநகரம். புகையிரத நெரிசலை அளந்து வெளியிடும் நாடு யப்பான். அவ்வளவையில் 100 வீதம் என்பது, இருக்கையில் அமர்ந்தோ கைப்பிடியைப் பற்றியோ பயணிக்கக்கூடிய நிலை. 200 வீதத்தில் உடலோடு உடல் அழுந்தும். 250 வீதத்தில் கையை அசைக்கவும் இயலாது. 1975ஆம் ஆண்டில் டோக்கியோவின் பிரதான பாதைகளில் உச்சவேளை நெரிசலின் சராசரி 221 வீதமாகும். பயணிகளைப் பெட்டிக்குள் தள்ளி அடைப்பதற்கென்றே அங்கு ஊழியர்கள் நிறுத்தப்பட்டனர்.

அந்நாட்டிலேதான் 1979 யூலை 1ஆம் திகதி, 33,000 யென் விலையில், சோனி நிறுவனத்தின் வோக்மன் விற்பனைக்கு வந்தது. முதல் வோக்மனில் இருவர் ஒருங்கே கேட்பதற்கு இரண்டு ஹெட்போன் துளைகளும், இசையினிடையே அவர்கள் உரையாடுவதற்கு ஒரு பொத்தானும் இருந்தன. ஒருவர் தனித்து இசையில் மூழ்கிப் பிறரைப் புறக்கணித்தல் பண்பாகாது எனச் சோனியின் தாபகர்களுள் ஒருவரான அக்கியோ மொரிற்றா கருதினார். வாங்கியோரோ தனித்தே கேட்டனர். பின்வந்த கருவிகளில் முதலில் பொத்தானும், காலப்போக்கில் இரண்டாவது துளையும் இல்லாதொழிந்தன. அயலவனுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தைச் சந்தை விழுங்கிய கதை இது.

1989 மார்ச்சில் புகையிரத நிருவாகமும் இசையை நாடியது. சின்ஜுக்கு, ஷிபுயா நிலையங்களில் செவியைத் துளைத்த புறப்பாட்டு மணிக்குப் பதிலாக இனிய மெட்டுகள் ஒலிக்கலாயின. செவிக்கு இது நன்மையே. ஆயின் மெட்டு மாறியதால் பெட்டிக்குள் ஓர் அங்குல இடமேனும் கூடியதா?

2019இல் டோக்கியோவின் சராசரி நெரிசல் 163 வீதமாகக் குறைந்திருந்தது. குறைத்தது எது? இரு தண்டவாளப் பாதைகள் நான்காக்கப்பட்டன. புதிய சுரங்கப்பாதைகள் அகழப்பட்டன. வண்டிகளில் பெட்டிகள் கூட்டப்பட்டன. 2020இல், கொள்ளைநோயின் காரணமாகப் பலர் வீட்டிலிருந்தே பணிபுரிந்தபோது, அது 107 வீதமாயிற்று. பாதையும் வேலை ஒழுங்கும் மாறியபோதே நெரிசல் மாறியது. இதில் இன்னிசைக்கு யாதொரு பங்குமில்லை.

களைத்த தொழிலாளியின் எளிய ஆறுதலையும் பறிப்பதா எனச் சிலர் வினவலாம். அவன் கேட்கட்டும், அது அவனது உரிமை. அந்த ஆறுதலையே பரிகாரமென விற்போரையும், அது கிடைத்துவிட்டதெனத் தம் கடமையைத் தட்டிக்கழிப்போரையுமே நாம் எதிர்க்கின்றோம். இசையும் நமக்குப் பகையன்று. மும்பாயின் புறநகர் வண்டிகளில் நாள்தோறும் ஒன்றாகப் பயணிப்போர் குழுவாகக் கூடித் தாளமிட்டுப் பஜனை பாடிச் செல்வதுண்டு. அப்பாடலாலும் நெரிசல் தீர்ந்துவிடவில்லை. எனினும் அங்கே அயலவனின் முகமும் குரலும் தெரிகின்றன. ஒருவரையொருவர் அறிந்தோர் நாளை ஒன்றுகூடித் தம் உரிமையைக் கேட்கவும் கூடும். கண்மூடித் தனித்திருப்போர் எதனைக் கேட்பர்?

நம் நாடும் இதற்கு விலக்கன்று. காலையில் கொழும்புக் கோட்டையை நோக்கி வரும் புகையிரதங்களின் மிதிபலகைகளில் தொங்கிவரும் இளைஞரின் செவிகளிலும் இன்று இசை ஒலிக்கின்றது. அவர்களுக்கு உடனடித் தேவை கால் ஊன்ற இடம். அதனை வழங்கவேண்டியது பாடகனல்லன். புகையிரதங்களை நடத்தும் அரசு. பல்கலைக்கழகத்தில் பயிலும் நாம் முதலில் உரத்துச் சொல்லவேண்டியது இதுவே.