வாஷிங்டனில் ஒரு வக்கீலம்மாள்

வக்கீல் ஆபீஸ் என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? தடித் தடியான புத்தகங்கள், வராந்தாவில் காத்திருக்கும் கட்சிக்காரர்கள். உள்ளே இருப்பவர் ஆண்பிள்ளை என்பதைச் சொல்லவே வேண்டாம்! 1872-லேயே வாஷிங்டனில் அப்படி ஓர் ஆபீஸைத் தாமாகவே திறந்தார் ஒரு கறுப்பினப் பெண்மணி. பெயர் ஷார்லட் ரே. வயது இருபத்திரண்டு!

தகப்பனார் நியூயார்க்கில் பாதிரியார். அடிமை முறையை எதிர்த்துப் பத்திரிகை நடத்தியவர். மகள் ஹோவர்டு சர்வகலாசாலையில் உபாத்தியாயினியாக இருந்துகொண்டே சட்டம் படித்தார். கம்பெனிச் சட்டத்தில் புலி. பிரடெரிக் டக்ளஸின் பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்தார். கம்பெனிக்காரர்கள் தேடி வரவேண்டாமா?

வந்தவள் மார்த்தா காட்லி என்ற எழுத்தறியாத பெண். குடிகாரப் புருஷன். அவள் விழுந்து சாகட்டும் என்று கோடரியால் வீட்டின் தரைப்பலகையையே பிளந்தானாம், பாவி! விவாகரத்து மனுவைக் கோர்ட் தள்ளிவிட்டது. ரே விடவில்லை. மேல்கோர்ட்டில் வாதாடி, 1875-ல் ஜயித்தார்.

அப்புறம் கேஸ்கள் குவிந்திருக்குமே என்பீர்கள். அதுதான் இல்லை. நிறம் ஒரு குற்றம், பெண்ணாய்ப் பிறந்தது இன்னொரு குற்றம். ஆபீஸ் வாடகைக்கு வாதத் திறமை மட்டும் போதுமா? கதவை மூடிவிட்டு, 1879 வாக்கில் நியூயார்க் திரும்பினார். புரூக்ளின் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் உபாத்தியாயினி வேலை. 1911-ல் காலமானார்.

கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டிய டீச்சரம்மா, அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் வக்கீல் என்பது அந்த வகுப்புக் குழந்தைகளுக்குத் தெரிந்திருக்குமோ, என்னவோ!