பட்டியலில் இருக்கும் ஜெனரேட்டர் புயலன்று ஓடுமா?

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



வடகிழக்குப் பருவமழைக்கான ஆயத்தக் கூட்டங்கள் நடக்கும் காலம் இது. மணல் மூட்டை எத்தனை, மரம் அறுக்கும் இயந்திரம் எத்தனை, ஜெனரேட்டர் எத்தனை என்று துறைவாரியாகப் பட்டியல் தங்கள் மேசைக்கு வரும். அதில் ஜெனரேட்டர் என்ற ஒரு வரியைப் பற்றியதே இம்மடல். எண்ணிக்கை சரியாகவே இருக்கும். அவற்றில் எத்தனை, மோட்டாரை இழுத்துக்கொண்டு நான்கு மணி நேரம் சூடேறாமல் ஓடும் என்ற விவரம்தான் இருக்காது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அந்த நாட்களில் வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிப் போய்த்தான் பல கிராமங்களில் மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றினார்கள். ஒரு தொட்டி நிரம்பியதும் அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர். ஆண்டு முழுக்கக் கொட்டகையில் கிடக்கும் இன்ஜினிடம் நாம் எதிர்பார்க்கும் வேலை இது.

டீசல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மிச்சம் புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். நம் கடலோர ஒன்றியங்களில் அந்த வழி அடைபடுவது பெரும்பாலும் தண்ணீரால். கூலன்ட் குறைந்தால், பக்கத்துக் குழாயில் பிடித்த போர் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். அந்த உப்பு நீர் சூடாகச் சூடாக, இன்ஜினின் நீர்ப்பாதைகளிலும் ரேடியேட்டர் குழல்களிலும் வெள்ளையாகப் படியும், உலோகத்தையும் அரிக்கும். படிவு ஏறிய ரேடியேட்டர் வெளியே பார்க்கப் புதிதுபோல் இருக்கும். அரை மணி நேரச் சோதனை ஓட்டத்தில், அதுவும் ஒரு விளக்கைக்கூட எரிக்காமல் ஓட்டிப் பார்த்தால், குறை தெரியவே தெரியாது. ஊர் மோட்டாரை மாட்டி ஒரு மணி நேரம் போன பிறகுதான் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொடும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் ஒரு கேன் கூடவே இருந்தால் போதும். இந்தக் கோளாறுக்கு இடமே இல்லை.

மற்றவை சிறியவை, ஆனால் அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துபவை: கிடந்து கிடந்து தளர்ந்த ஃபேன் பெல்ட், ரப்பர் கெட்டு அழுத்தம் தாங்காத ரேடியேட்டர் மூடி, உமியும் தூசியும் அடைத்த ரேடியேட்டர் இதழ்கள், மாற்றாத ஆயில், அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர். புயல் நாளுக்கென்றே ஒரு தவறும் உண்டு. மழைக்கு அஞ்சி ஜெனரேட்டரைத் தார்ப்பாயால் சுற்றிக் கட்டிவிடுவது. அல்லது சுவரோரம் ஒட்டி வைத்து, வெளியேற்றிய வெப்பக் காற்றையே அது மறுபடி இழுக்கும்படி விடுவது. அதற்குத் தேவை மேலே ஒரு கூரை, நான்கு பக்கமும் காற்று.

இதில் ஊராட்சி ஊழியரைக் குறை சொல்வது எளிது, நாங்கள் சொல்லமாட்டோம். அளவுக்கு மீறிச் சூடேறினால் இன்ஜின் தானே நின்றுவிட ஒரு பாதுகாப்பு அமைப்பு பெரும்பாலான ஜெனரேட்டர்களில் உண்டு. குடத்தோடு நூறு பேர் நிற்கிறார்கள், மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வருகிறது, இன்ஜின் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்றுபோகிறது என்றால், அந்தப் பாதுகாப்பு அமைப்பின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டத்தான் எவருக்கும் தோன்றும். ஓடும், கொஞ்ச நேரம். பிறகு ஹெட் கேஸ்கெட் போகும், இல்லையேல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அத்துடன் அந்தப் பருவத்துக்கு அந்த ஜெனரேட்டர் இல்லை. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை அவசரத்தில் திறந்தால் வெந்துபோவது அந்த ஊழியரின் முகம்.

கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர்களைப் பாருங்கள். தாலி கட்டும் நேரத்தில் விளக்கு அணைந்தால் வாடகை வராது என்பதால், பெல்ட்டும் கூலன்ட்டும் வண்டியிலேயே வைத்திருப்பார்கள். அரசு ஜெனரேட்டர் நின்றால் யாருக்கும் வாடகை நட்டமில்லை.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் தாங்கள். பேரிடர் நேரத்தில் அவசரத் தேவைக்கு டெண்டர் நடைமுறையின்றி வாங்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. புயலுக்குப் பின் கேட்ட வாடகையைக் கொடுத்து ஜெனரேட்டர் எடுக்க முடிகிற நிர்வாகத்தால், புயலுக்கு முன் ஒரு பெல்ட் வாங்கித் தர முடியாது என்று சொல்ல முடியாது. ஆகவே, தங்கள் கையெழுத்தில் ஓர் ஆணை வேண்டுகிறோம்.

ஒவ்வொரு ஜெனரேட்டரும் அது எந்த ஊர் மோட்டாரை ஓட்டப்போகிறதோ அதே மோட்டாரில், பகல் வெயிலில், தொடர்ந்து நான்கு மணி நேரம் ஓட வேண்டும். வெப்பநிலையை அரை மணிக்கொரு முறை குறிக்க வேண்டும். மோட்டார் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைப் போல ஆறு மடங்கு வரை மின்னோட்டம் இழுக்கும். அதைத் தாங்காத சிறிய ஜெனரேட்டர் எந்த ஊருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதும் அன்றே தெரிந்துவிடும். கூலன்ட், பெல்ட், ஃபில்டர், ஆயில் ஆகியவற்றுக்கான சிறு தொகையை வட்டார வளர்ச்சி அலுவலரே அனுமதிக்கட்டும். ஓடிய மணிக்கணக்கும் செய்த பராமரிப்பும் எழுதிய ஏடு ஜெனரேட்டரோடே போகட்டும்.

இன்னொன்றையும் அந்த ஆணையில் சேருங்கள். இன்ஜின் சூடேறும்போது நிறுத்த, அதை இயக்குபவருக்கு முழு அதிகாரம் உண்டு. நிறுத்தியதற்காக அவர்மேல் நடவடிக்கை கிடையாது. பாதுகாப்பு ஒயரைத் துண்டிக்கச் சொல்லும் அதிகாரி எவரானாலும் அவரே பொறுப்பு. செலவே இல்லாத இந்த மூன்று வரிகளைத் தங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது.

செப்டம்பர் முடிவதற்குள் சோதனை நடந்தால், பழுது பார்க்க மழைக்கு முன் இரண்டு, மூன்று வாரம் கிடைக்கும். எந்த ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது, எது இடையில் நின்றது என்ற பட்டியலை ஒன்றிய அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். நாங்கள் வந்து படித்துக்கொள்கிறோம்.