படபடப்பும் பயமும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளின் ஷிப்டுக்கு ஏற்பக் கடை நடத்தும் நமக்குத் தூக்கம் குறைவு, தேநீர் அதிகம். நெஞ்சு படபடத்தால் ஈ.சி.ஜி. எடுக்கிறோம். 'நார்மல்' என்றாலும் பயம் விடுவதில்லை. வேறிடத்தில் மறுபடி எடுக்கிறோம்.

ஈ.சி.ஜி. பதிவது சுமார் 10 விநாடித் துடிப்பைத்தான். கல்லாவை ஒருமுறை எட்டிப் பார்த்தால் நாள் வியாபாரம் தெரியுமா? 24 மணி நேர ஹோல்டர் பதிவுதான் நாட்குறிப்பு. இதயத்தின் அமைப்பைக் காட்டுவது எக்கோ. இவை சரியாக இருந்து, எப்போதாவது ஒரு துடிப்பு முந்தி வந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் தாமதமின்றி 108-ஐ அழைக்க வேண்டும்.

சரக்குப் பட்டியலை வரிவரியாகச் சரிபார்க்கும் நாம், ரிப்போர்ட்டை மட்டும் புரியாமலே மடித்து வைப்பது சரியா? மருத்துவரிடமே விளக்கம் கேட்போம். வீண் செலவும் வீண் பயமும் குறையும்.