15 வருஷம் ஆனா காரை ஒழிச்சுக் கட்டணுமா? பழைய வண்டிக்காரர்களைக் கலங்க வைக்கும் ஆர்.சி. தேதி

மதுரை:

ஒரு கார் எத்தனை வருஷம் ஓடும்? ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் "நல்லா பாத்துக்கிட்டா 25 வருஷம்கூட ஓடும்ணே" என்கிறார்கள். ஆர்.சி. புக்கைப் புரட்டினால் 15 வருஷம் என்று இருக்கிறது. இந்த 10 வருஷ இடைவெளியில்தான் இன்றைக்கு பல குடும்பங்கள் மாட்டிக்கொண்டு முழிக்கின்றன.

மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கமும் பழைய மாருதி 800, ஆம்னி வைத்திருப்பவர்கள் ஆசைக்கு வைத்திருக்கவில்லை. காய்கறி ஏற்ற, பந்தல் சாமான் கொண்டுபோக, ராத்திரி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட என்று அதுதான் அவர்களுக்கு கை கால்.

டெல்லி செய்தியும் இங்குள்ள பயமும்

2025 ஜூலை 1-ந்தேதி டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டி, 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு பங்க்கில் எண்ணெய் போடக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஜனங்கள் கொந்தளித்ததால் சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். வயதை மட்டும் காட்டி நடவடிக்கை வேண்டாம் என்று ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது. டிசம்பரில் அதைத் திருத்தி, பி.எஸ்.4 தரத்துக்கு முந்தைய வண்டிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்றது.

இதெல்லாம் டெல்லி வட்டாரத்துக்கு. தமிழ்நாட்டில் 15 வருஷம் ஆனதற்காக சொந்தக் காரை யாரும் பிடித்துக்கொண்டு போக முடியாது. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, தகுதி இருந்தால் 5 வருஷத்துக்கு ஆர்.சி.யை நீட்டித்துக்கொள்ளலாம். 5 வருஷம் முடிந்தால் திரும்பவும் காட்டலாம். ஆனால் டி.வி.யில் டெல்லி செய்தியைப் பார்த்துவிட்டு, "இனிமே பழைய வண்டி செல்லாதாம்ல" என்று பயந்து அடிமாட்டு விலைக்கு தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த பயத்தையே சொல்லி விலையை அடிக்கிற புரோக்கர்களுக்கும் பஞ்சமில்லை.

600 ரூபாய் 10 ஆயிரம் ஆன கதை

வண்டியைப் பிடிக்க மாட்டார்கள், சரி. ஆனால் பாக்கெட்டைப் பிடித்துவிட்டார்கள். 2022 மார்ச் வரை கார் ஆர்.சி. புதுப்பிக்க கட்டணம் 600 ரூபாய். அந்த வருஷம் ஏப்ரல் 1 முதல் 5 ஆயிரம். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசு அறிவிப்பின்படி 20 வருஷம் தாண்டிய காருக்கு 10 ஆயிரம், பைக்குக்கு 2 ஆயிரம். தேதி தவறினால் காருக்கு மாசம் 500 ரூபாய் தனி. இது போக மாநில அரசின் பசுமை வரி வேறு.

கணக்குப் போட்டால் தலை சுற்றும். 2005-ல் பதிவான ஒரு 800-ஐ 60 ஆயிரத்துக்கு ஒருத்தர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எப்.சி. காட்ட டிங்கரிங், பெயிண்டிங், டயர், லைட் எல்லாம் சரிபண்ண வேண்டும். அதற்கு மேல் 10 ஆயிரம் கட்டணம். வண்டி விலையில் ஆறில் ஒரு பங்கு கட்டணத்துக்கே போய்விடுகிறது. புகை கக்குகிற வண்டியை ஒழிக்கத்தான் இந்தக் கட்டணம் என்றால், புகை விடாமல் பராமரிக்கிறவனுக்கும் அதே 10 ஆயிரம் என்பது என்ன நியாயம்?

நம்ம ஊர் வெயில் செய்கிற வேலை

வண்டியின் உண்மையான ஆயுசு வேறு இடத்தில் இருக்கிறது. ராமேசுவரம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று மதுரையில் இல்லை. அதனால் பாடி அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது. இங்கே எமன் வெயில்தான். ரேடியேட்டர் ஓஸ், பெல்ட் மாதிரி ரப்பர் சாமான்கள் காய்ந்து வெடிக்கும். பேட்டரி ஆயுசும் குறையும்.

அதைவிட மோசம், ரேடியேட்டரில் போர் தண்ணியை ஊற்றுவது. உப்புத்தண்ணி உள்ளே படிந்து படிந்து அடைக்கும். என்ஜின் சூடேறும். ஹெட் கேஸ்கெட் போகும். கூலன்ட்டுக்கு சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தவர் என்ஜின் வேலைக்கு பல ஆயிரம் கொடுப்பார். ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டியும் இப்படித்தான், 10 வருஷத்திலேயே காயலான் கடை வாசலில் நிற்கும்.

இப்போது பெட்ரோலும் சேர்ந்துகொண்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம், சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய அரசே 2025-ல் சொன்னது. பெரிய செலவு இல்லை என்பது அரசின் வாதம். செலவு செய்கிறவன் யார் என்பதுதான் கேள்வி.

ஓடாத வண்டியை ஓட வைப்பது மதுரைக்குப் புதுசும் இல்லை. 2-ம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காத காலத்தில், கரியில் இருந்து வரும் வாயுவில் வண்டி ஓட்டுகிற கருவியைச் செய்து விற்றது இந்த ஊர் டி.வி.எஸ். கம்பெனி. ஆனால் இப்போது வருகிற வண்டிகளில் என்ஜின் 2 லட்சம் கிலோ மீட்டர் தாங்கினாலும், உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு போனால் தெருமுனை மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது.

வாங்கப் போறீங்களா?

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்ட் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். முதலில் ஆர்.சி.யில் முடிகிற தேதியைப் பாருங்கள். 6 மாசம்தான் பாக்கி என்றால் புதுப்பிக்கிற செலவைக் கழித்து விலை பேசுங்கள், அல்லது புதுப்பித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கிலோ மீட்டரைக் குறைத்துக் காட்டுவது சர்வ சாதாரணம். பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் உண்மை தெரியும். டயரில் கடைசி 4 எண் அது தயாரான வாரமும் வருஷமும். 1219 என்றால் 2019-ம் வருஷம் 12-வது வாரம்.

கையில் இருக்கிற வண்டிக்கு, ஆர்.சி. முடிய 60 நாள் முன்பே மனு கொடுக்கலாம்.

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. அதே வருஷம் மே மாசம் அம்பாசடரும் நின்றது. கடைசியாக வந்த அந்த வண்டிகள் 2029-ல் 15 வருஷத்தை எட்டும். 2019-ல் நின்ற ஆம்னிக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது, 2034 வரை.