காட்டுக்கு உறுதி எழுதிய கைகள்

நகரம் வளரவேண்டுமாயின் காடு அழியத்தான் வேண்டும் என்று வாதிடுவோர் எந்நாட்டிலும் உளர். இவ்வாதத்தை நாம் முற்றாக மறுக்கின்றோம். ‘நகர வளர்ச்சி’ என்னும் போர்வைக்குள் நடப்பது யாது என்பதைக் கென்யா நாட்டுத் தலைநகர் நைரோபியிற் காணலாம்.

2019 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி 43 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் அந்நகரின் வடபால் கருரா வனம் இருக்கின்றது. 1932 இல் அரசு ஒதுக்கிய அவ்வனத்தின் பரப்பு ஏறத்தாழ 2,500 ஏக்கர். ஆறுகள் அதனூடே பாய்கின்றன. பெய்யும் மழையை மண்ணுள் இறக்கி, ஆற்றுக்குச் சிறிது சிறிதாக அளப்பது காடு. கமக்காரருக்கு இதனை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1990களில் இவ்வனம் கூறுபோடப்பட்டுத் தனியாருக்கு இரகசியமாக வழங்கப்பட்டது. கூரையற்ற ஏழைகளுக்கா? அன்று! மாளிகை கட்டி விற்கும் செல்வருக்கு! வங்காரி மாத்தாய் அம்மையார் மரக்கன்றுகளை ஏந்தி எதிர்த்து நின்றார். 1999 சனவரி 8 இல் அவரும் உடன் சென்றோரும் காவலாட்களால் தாக்கப்பட்டனர். அம்மையாரின் தலையில் இரத்தம் வழிந்தது. பல்கலைக்கழக மாணவர் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டிலேயே பொதுக்காணி வழங்குதலைத் தடைசெய்யும் நிலைக்குச் சனாதிபதி மோய் தள்ளப்பட்டார். வனம் பிழைத்தது. 2004 இல் அம்மையாருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வரலாற்றைப் போற்றுவோர் பலர். அதன் மறுபக்கத்தைப் பார்ப்போர் சிலரே. பொதுக்காணிக் கொள்ளையை ஆராய்ந்த என்டுங்கு ஆணைக்குழு 2004 இல் தன் அறிக்கையை அளித்தது. அரசியல்வாதிகளோடு சட்டத்தரணிகளும் நில அளவையாளரும் மதிப்பீட்டாளரும் அக்கொள்ளைக்குத் துணைநின்றனர் என்பதை அவ்வறிக்கை வெளிப்படுத்தியது. வியப்பென்ன? அமைச்சர் ஆணையிடலாம், ஆயின் அளவைப்படம் வரைய அவருக்குத் தெரியுமா? உறுதி எழுத இயலுமா? கற்றவன் கையொப்பமின்றி ஒரு காணித்துண்டேனும் கைமாறாது.

ஆதலின் நாம் கூறுவது இதுவே. காட்டைக் காப்பது மரம் நடுவோரின் கடமை மட்டுமன்று. பேனா பிடிப்போரின் கடமையுமாகும். அளவையாளர் கோடு கீற மறுக்கட்டும்; சட்டத்தரணி உறுதி முடிக்க மறுக்கட்டும்; பொறியியலாளர் வரைபடத்தைத் திருப்பி அனுப்பட்டும். அதன் பின்னர் எந்த ஆட்சியாளர் காட்டை விற்பார்? கூலிக்காகக் கையொப்பமிட்டுவிட்டு, ஆறு வற்றியபின் அரசைத் தூற்றுவதாற் பயன் யாது? கற்றோரே, சிந்தியுங்கள்!