பெருமிதம் எதனால்?

கண்டி மாநகரத்துத் தேநீர்க்கடையொன்றில் அண்மையில் ஒரு வழக்கினைக் கேட்டேன். முத்தையா முரளிதரன் தம் இனத்தவர் என்றார் ஒருவர். தம் ஊரவர் என்றார் மற்றவர். 2016ஆம் ஆண்டில் சர்வதேச கிரிக்கெட் சபையின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் இலங்கையர் அவர் என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டனர்.

பெருமிதம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுத்தார் தொல்காப்பியர்: கல்வி, தறுகண், புகழ், கொடை. பிறப்பை அவர் அவ்வரிசையிற் சேர்க்கவில்லை. இதனை ஆசிரிய அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசி வந்த சிறுவர், பயிற்றுநர் சொற்கேட்டுச் சுழற்பந்து கற்றார்; அது கல்வி. 1995 டிசம்பர் 26இல் மெல்போர்ன் மைதானத்தில், ஆயிரமாயிரம் கண்கள் பார்த்திருக்க, நடுவர் ஏழு முறை 'நோ போல்' என்றார். பிறவியிலேயே முழுதும் நீட்டவியலாத அக்கையைப் பரிசோதனைகளுக்கு உட்படுத்திவிட்டு, மீண்டும் பந்தெடுத்தார் முரளி, அது தறுகண். 800 டெஸ்ட் விக்கெட்டுகள் அவர்தம் புகழ். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தென்கரை மக்களின் துயர் துடைக்க முன்னின்றார், அது கொடை. அம்மக்கள் எவ்வினத்தவர் என்று அவர் வினவினாரல்லர்.

2007 டிசம்பர் 3இல் அஸ்கிரிய மைதானத்தில் 709ஆவது விக்கெட்டை வீழ்த்தி உலக சாதனையை மீட்டபோது எழுந்த ஆரவாரத்தில், எக்குரல் தமிழ், எக்குரல் சிங்களம் என்று யார் பிரித்தறிய வல்லார்?

ஆயின், பிறப்பை அறவே மறந்துவிடலாமோ எனின், ஆகாது என்பேன். தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒருவரின் பெயரர் முரளி. அவ்வாறு வந்தோரின் வழியினர் பல இலட்சம் பேரை நாடற்றோராக்கியது 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். பிறப்பைக் காட்டி விலக்கப்பட்ட நாம், பிறப்பைக் காட்டியே ஒருவரை நமக்கென வளைத்துக்கொள்வது முறையன்று. அங்ஙனமே, முரளியை 'எம்மவர்' என வாயாரப் புகழும் ஏனையோரும், இன்றும் லயங்களில் வாழும் அவர் பாட்டனாரின் கூட்டத்தாரை 'எம்மவர்' என்று கூறத் தயங்கலாகாது.

புகழ் மண்டபத்தில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு நம் கைத்தட்டு வேண்டியதில்லை. அத்தயக்கம் நீங்கும் நாளில்தான் நமது பெருமிதம் மெய்யான பெருமிதமாகும்.